உலகம்மாள் வந்திருந்தாள்

செத்துப் பல வருஷம் ஆகிவிட்ட உலகம்மாள் எங்கள் பழைய வகுப்பறையின் மூன்றாவது பெஞ்சிலிருந்து ‘உள்ளேன் ஐயா’ என்று சொன்னபோது, அங்கே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்தருக்கும் மயக்கம் வரவில்லை, ஒருத்தரும் வாசலைப் பார்த்து ஓடவில்லை, பந்தியில் பிரியாணி ஆறுகிறதே என்ற கவலையில் இருந்தவர்கள் அந்தக் கவலையிலேயே இருந்தார்கள், சாப்பாட்டுக்கு முந்தி சுகர் மாத்திரை போட்டுவிட்டவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். உலகம்மாள் என்று கூப்பிட்டால் அந்த பெஞ்சிலிருந்து அந்தப் பதில் வரும், வந்துதான் ஆகும், முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியும் அப்படித்தான் வந்தது. பழகின சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் ஏதோ பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரின் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். படித்து முடித்துத் திசைக்கு ஒருத்தராய்ச் சிதறி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, தலை நரைத்து, ஒருத்தரை ஒருத்தர் மறந்து நிம்மதியாக இருந்த காலத்தில், டிராவல்ஸ் நடத்துகிற குமரேசன் ஒவ்வொருத்தர் நம்பரையும் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் ‘வரலாற்றுச் சிங்கங்கள்’ என்று ஒரு குழுவை ஆரம்பித்தான். அன்றையிலிருந்து விடிந்தால் ஒரு ரோஜாப்பூ, பொழுதடைந்தால் ஒரு தத்துவம், நடுவில் பேரன் மொட்டை, மருமகள் வளைகாப்பு, மகன் கனடாவில் பனியைத் தள்ளுகிற படம், மூட்டு மாற்றிய படம், பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைத் தட்டில் வைத்து எடுத்த படம். பெருமையை வாசலில் கட்டி, துக்கத்தைக் கொல்லையில் கட்டுகிற ஆட்கள். எவன் மகன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், எவள் மகள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள் என்பதெல்லாம் அதில் வராது. என் வீட்டுக்காரர் போன சேதியைப் போட்டேன். கைகூப்புகிற படம் வரிசையாக வந்தது, ஆள் என்று வந்தது மரியபுஷ்பம் மட்டும்தான்.

மரியபுஷ்பம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், அதே ஊரில் வாத்திச்சியாக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கினவள். தொண்டையில் கட்டி வந்து, கட்டியோடு குரலையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பருத்தித் துண்டு; பேசினால் காற்றுதான் வரும், அந்தக் காற்றை வார்த்தையாக்கிக் கேட்பதற்கு முகத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டும். அவளுக்கு ஆப்பரேஷன் ஆன பிறகு பிறந்த பேத்தி ஒருத்தி உண்டு, அந்தப் பிள்ளை ஆச்சியின் குரலைக் கேட்டதே இல்லை. கோயில் பாட்டில் முதல் குரல் எடுத்தவள், அவளுக்கா இந்தத் தண்டனை என்று நான் அவள் ஆண்டவரிடம் அவளுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். என் பெயர் பேச்சியம்மாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று குழுவில் எல்லாரும் சொல்லுவார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சந்திப்பு விழா வைக்கிறோம் என்று குமரேசன் கிளம்பியதும், நம் செட்டில் இறந்துபோனவர்களுக்கு அஞ்சலி வைப்போம், அவர்கள் வீட்டு ஆட்களையும் கூப்பிடுவோம், பார்க்கிறவர்களுக்கு உருக்கமாக இருக்கும் என்று ஒருத்தன் யோசனை சொன்னான். அப்படித்தான் உலகம்மாள் மகள் முத்துச்செல்வி வந்து சேர்ந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை, முப்பது தாண்டிய வயசு, அம்மா மாதிரியே ஒடிசலான உடம்பு. இவள் நடை பழகுகிற பருவத்தில் உலகம்மாள் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்ததாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் சொல்லட்டும், கிணற்றுக்குத்தான் தெரியும். அப்பனைப் பெற்ற ஆச்சி வளர்த்த பிள்ளை. பழைய வாகைமரத்தடியில் ஒவ்வொருத்தராகப் பிடித்து நிறுத்தி அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

“எங்கம்மா எப்படிப் பேசுவாங்க?”

குமரேசன் யோசிக்கவே இல்லை. “உங்கம்மாவா, கணீர்னு பேசுவா. பாட்டுன்னா அவதான்,” என்றான். இன்னொருத்தன் கலகலவென்று சிரிப்பாள் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகம்மாள் பாடி யார் கேட்டது? அவள் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை. விடிய விடியச் சுற்றி, காலையில் கட்டுகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதில் பாதியைக் கழித்துக் கீழே தள்ளுகிறவனிடம் மன்றாடிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து இரண்டாம் மணி நேரத்துக்குத்தான் வருவாள். சேலையில் இலைத்தூள் ஒட்டியிருக்கும், விரல்நுனியெல்லாம் புகையிலைக் கறை. பேசினால் அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு பேசுவாள். என்ன குரல் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, பொய் சொல்ல மட்டும் எல்லாருக்கும் வந்தது.

பிறகு எங்கள் ஆசிரியர் ஆவுடையப்பன் ஐயாவை நாற்காலியோடு தூக்காத குறையாக வகுப்பறைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். தொண்ணூறை நெருங்குகிறவர். சார் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, ஐயாதான். பிரசென்ட் என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார், ‘உள்ளேன் ஐயா’ என்றுதான் சொல்ல வேண்டும். குனிந்த தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவார், குரல் வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. அன்றைக்கும் அதேபோல் வெறும் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, ஒரு பெயர் விடாமல் மனப்பாடமாக, சாமிக்கு நாமம் சொல்லுகிற மாதிரி எங்கள் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டார், ஒவ்வொரு பெயருக்கும் விரலால் மரத்தில் ஒரு கோடு இழுத்தார். கிழட்டுக் குரல்கள் எழுந்து எழுந்து அடங்கின. மரியபுஷ்பம் என்றதும், அவளால் முடியாதே என்று நான்தான் அவளுக்கும் சேர்த்து ‘உள்ளேன் ஐயா’ சொன்னேன், பழக்கதோஷம். கடைசிக்குச் சற்று முன்னால் ‘உலகம்மாள்’ என்றார்.

“உள்ளேன் ஐயா.”

பெண்குரல், இளங்குரல், பனங்கற்கண்டு மாதிரி ஒரு தெளிவு. ஐயா கோட்டை இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் மரியபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது, மற்ற பெண்களுக்கும் புரிந்திருக்கும், அவர்களும் தரையைத்தான் பார்த்தார்கள். முத்துச்செல்விக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவள் எழுந்து போய் மூன்றாவது பெஞ்சின் காலியிடத்தைத் தடவிப் பார்த்து, ஐயாவின் பக்கம் திரும்பி, “ஐயா, இன்னொரு தடவை கூப்பிடுங்க,” என்றாள். கூப்பிட்டார். வந்தது. அவள் அந்த பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுத அழுகையை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகுதான் பிரியாணிக்குப் போனோம். ஆறித்தான் போயிருந்தது.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த அறையில் யார் உலகம்மாள் என்று கூப்பிட்டாலும் பதில் வந்தது, அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை, போனில் பதிந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டுமே பதிந்தது. இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளின் வாத்தியார், கூப்பிடாவிட்டால் வகுப்பு நிலைகொள்ளாமல் இருக்கிறது என்று சொல்லி, வருகையின் கடைசியில் உலகம்மாள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். வருகை குறைந்து பரீட்சை எழுதமுடியாதோ என்று பயந்த பிள்ளைகள் முதலில் ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்கள். வைத்தவர்களில் ஒருத்தி பரீட்சை எழுதித் தப்பித்துக்கொண்டாள். அடுத்த வாரம் எலுமிச்சம்பழ மாலை வந்தது, அதற்கடுத்து மஞ்சள் துணி வந்தது, அப்புறம் கேட்டில் ‘அட்டெண்டன்ஸ் அம்மன் துணை’ என்று ஒரு பேனர் வந்தது. தேங்காயையும் சூடத்தையும் வராந்தாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், உள்ளே பெயர் மட்டும் கூப்பிடலாம் என்று முதல்வர் சுற்றறிக்கை விட்டார். கல்லூரியின் தரம் பார்க்க வெளியூரிலிருந்து வந்த குழு, இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, இந்த மாணவி ஏன் இன்னும் கைரேகை வைக்கவில்லை என்று மட்டும் கேட்டதாம்.

எங்கள் சிங்கங்களுக்கோ திடீரென்று ஞாபகசக்தி பொங்கிக்கொண்டு வந்தது. உலகம்மாள் தன் டிபன் பாக்ஸைத் தனக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்ததாகக் குமரேசன் எழுதினான்; அவள் டிபன் பாக்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்ததே கிடையாது. மஸ்கட்டில் இருக்கிற ஒருத்தன் தான் அவளை மனசுக்குள் விரும்பினதாகவும் சாதி குறுக்கே நின்றதாகவும் பெண்டாட்டியும் இருக்கிற குழுவிலேயே எழுதினான், பெண்டாட்டி பூப்படம் போட்டாள். சனிக்கிழமை சனிக்கிழமை ஐயா ஆட்டோவில் வந்து பெயர் கூப்பிடுவார், குமரேசன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான், துபாய்க்கும் டல்லாஸுக்கும் மின்விசிறிச் சத்தம் போகும், அவர்கள் எல்லாரும் கேட்டுச்சு கேட்டுச்சு, மெய் சிலிர்க்குது என்பார்கள். இருக்கும்போது ஒரு மடக்குத் தண்ணி கொடுக்காதவனெல்லாம் செத்த பிறகு பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

முத்துச்செல்வி ஒரு சனிக்கிழமையும் தவறமாட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, மத்தியான வெயிலில் வந்து, அந்த பெஞ்சில் அம்மாவுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். நான் நல்லாயிருப்பேனாம்மா என்பாள், பிறகு பெயரைக் கூப்பிடுவாள், உள்ளேன் ஐயா என்று வரும். எனக்கு மாப்பிள்ளை பாக்காங்கம்மா என்பாள், கூப்பிடுவாள், உள்ளேன் ஐயா என்று வரும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதிலையே மாற்றி மாற்றி அர்த்தம் பண்ணிக்கொண்டு, முகம் தெளிந்து, பஸ் ஏறிப் போவாள். மரியபுஷ்பமும் ஒரு சனிக்கிழமை தவறமாட்டாள். சேக்காளி மேல் எவ்வளவு பாசம் பார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதையும், அவள் உதடு அதே இரண்டு வார்த்தைக்குச் சத்தமில்லாமல் அசைவதையும் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஏனென்றால் அது மரியபுஷ்பத்தின் குரல்.

முதல் மணி நேரத்துக்கு வரமுடியாத உலகம்மாளுக்காக முதல் வருஷத்திலிருந்தே பிராக்ஸி கொடுத்தவள் அவள்தான். அதே மூன்றாவது பெஞ்சில் நிமிர்ந்து ஒரு தரம் தனக்கு, பிறகு முந்தானையை இழுத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு உலகம்மாளுக்கு. எங்களுக்கெல்லாம் அது ஒரு தர்மகாரியம் மாதிரி. பீடிக் கட்டோடு ஓடிவருகிற பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று, புஷ்பத்துக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்தவள் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடெல்லாம் இருந்தது, ஆனால் பாவி மகளுக்குக் காய்ச்சலே வரவில்லை. மூன்றாம் வருஷம் பொங்கல் லீவு முடிந்து உலகம்மாள் இரண்டாம் மணிக்கும் வரவில்லை, மூன்றாம் மணிக்கும் வரவில்லை. மறுநாளும் இல்லை, மறுவாரமும் இல்லை. எப்படியும் பரீட்சைக்கு வந்துவிடுவாள், அதுவரைக்கும் வருகையைக் காப்பாற்றி வைப்போம் என்று பேசிக்கொண்டோம். உலகம்மாள், உள்ளேன் ஐயா. உலகம்மாள், உள்ளேன் ஐயா. மாசி போனது, பங்குனி போனது, ஆள் இல்லாத இடத்தில் குரல் மட்டும் ஒரு நாள் தவறாமல் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தது. பரீட்சை அன்றைக்குத்தான் அவள் இடம் காலி. தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இதில் என்ன பெரிய குற்றம், எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதானே என்பீர்கள். ஐயாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் அந்த மனுஷர் குடையை எடுத்துக்கொண்டு, பஸ் போகிற ஊருக்குப் பஸ்ஸிலும் போகாத ஊருக்கு நடந்தும், அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பார். எங்க அய்யா, என்னைப் பெற்றவர், என் படிப்பை நிறுத்தினபோது அப்படித்தான் வந்தார். மாட்டுத்தொழுவத்துக்கு முன்னால் கிடந்த கல்லில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “உம்ம பிள்ள ஒரு வாரமா வகுப்புல இல்ல. கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்,” என்றார். எங்க அய்யா கத்தினார், எங்க அண்ணன் அரிவாளைத் திண்டில் தட்டினான், ஐயா எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலக் கருக்கலில் எங்க அய்யாவே சலித்துப்போய், நாளைக்கு அனுப்புதேன், எந்திரிச்சுப் போம் சாமி என்றார். என்னைப்போல இன்னும் சிலர் உண்டு. வராத பிள்ளை வீட்டுக்குத்தான் ஐயா போவார். உலகம்மாள்தான் தினமும் வந்துகொண்டிருந்தாளே.

இதை மரியபுஷ்பம் இத்தனை வருஷமும் மனசில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். சந்திப்பு முடிந்த அன்றைக்கே என் காதுக்குள் காற்றாகச் சொன்னாள், “பேச்சி, அந்தப் பிள்ளைட்ட சொல்லிரணும்ளா.” நான்தான் அடக்கினேன். தாயில்லாப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ கரையேறுகிறது, சொல்லி என்னத்த ஆவப்போவுது, வாயை மூடிட்டு இரு என்றேன். ஏற்கெனவே மூடின வாயைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டாள். தன் குரலை வாரத்துக்கு ஒரு தரம் கேட்கிற ஆசை அவளுக்கும் இருந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். என் குரல் போய், எங்கேயோ ஒரு பெஞ்சில் அது கிடைக்கிறது என்றால் நான் அங்கேயே பாயை விரித்துப் படுத்திருப்பேன்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை முத்துச்செல்வி ஐயாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்.

“ஐயா, எங்கம்மா பரீட்சை ஏன் எழுதல?”

ஐயா குனிந்த தலையோடு யோசித்தார். “தெரியலம்மா. அவ ஒரு நாள் வராம இருந்ததில்ல. மூணு வருஷமும் முழு வருகை. பரீட்சைக்கு மட்டும் வரல. வராத பிள்ள வீட்டுக்கெல்லாம் நான் போயிருக்கேன். அவ வந்துக்கிட்டுத்தான் இருந்தா, நான் என்னன்னு போவேன்?”

“அப்ப கட்டிக்கொடுத்துட்டாங்கன்னு படிப்ப நிறுத்தலியா?”

“கட்டிக்கொடுத்தவ எப்படிம்மா பங்குனி வரைக்கும் வகுப்புக்கு வருவா?”

முத்துச்செல்வி வராந்தாவுக்கு வந்தாள். அங்கே நானும் மரியபுஷ்பமும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்தது அழுகை இல்லை, கோபம்.

“எங்க ஆச்சி சொன்னது சரிதான் சித்தி. உங்கம்மைக்குப் படிப்பு ஏறல, அவளாத்தான் வேண்டாம்னு வந்தா, எங்க மேல என்னத்துக்குப் பழின்னு சொல்லுவா. நான் நம்பல. எங்கம்மாவ இவங்கதான் புடிச்சு அடைச்சிருப்பாங்கன்னு சின்னப் பிள்ளைல இருந்து ஆச்சிகூட மல்லுக்கட்டியிருக்கேன். கடைசி நாள் வரைக்கும் காலேஜுக்கு வந்திருக்கா, பரீட்சைய மட்டும் எழுதல. எல்லாத்தையும் அவளேதான் விட்டிருக்கா. பரீட்சையையும் அவளேதான் விட்டா, கெணத்தடில என்னையும் அவளேதான் விட்டா.”

மரியபுஷ்பம் டீ டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன், வேண்டாம் என்று. அவள் என் கையை எடுத்துவிட்டு, முத்துச்செல்வியின் பின்கழுத்தில் கைபோட்டுத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பிள்ளையின் காதோடு வாயை வைத்து, விட்டு விட்டு, மூச்சு முட்ட முட்ட, எல்லாவற்றையும் சொன்னாள். காற்றுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. முந்தானையை இழுத்துத் தலையைத் தாழ்த்துகிற மாதிரி ஒரு தடவை செய்து காட்டினாள், அப்போது எந்த இடத்துக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு துண்டை அவிழ்த்துத் தொண்டைத் தழும்பைக் காட்டினாள்.

முத்துச்செல்வி வாகைமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிப்பாளோ, ஏசுவாளோ என்று நான் காத்திருந்தேன், ஏசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“அப்ப, நீங்க உள்ளேன்னு சொன்ன அந்த நேரத்துல, எங்கம்மா எங்க இருந்தா சித்தி?”

அவள் ஊரான மேலப்பாறைக்குளத்தில், அவளைப் பெற்றவர்கள் வீட்டு உள்ளறையில், கதவு சாத்தி, கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற வரைக்கும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்று நாங்கள் பிற்பாடு கேள்விப்பட்டோம். வாசலில் குடை தெரிகிறதா என்று அவள் எத்தனை நாள் ஜன்னலைப் பார்த்தாளோ. என்னை ஐயா வந்து மீட்டுக்கொண்டுபோன கதை அவளுக்குத் தெரியும். நான்தான் அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தேன். மரியபுஷ்பம் துண்டை மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

உள்ளே ஐயா பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் நோன்பு நேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் பூவோடு நின்றார்கள், குமரேசன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பேச்சியம்மாள் என்றார், உள்ளேன் ஐயா என்றேன். மரியபுஷ்பம் என்றார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கையை உயர்த்தினாள். ஐயா குனிந்தபடியே கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், குரல் வரவில்லை. “வரல,” என்று விரலால் ஒரு சுழி போட்டார். அவள் கையை இறக்கவில்லை.

“உலகம்மாள்.”

“உள்ளேன் ஐயா,” என்றது மரியபுஷ்பத்தின் இருபது வயசுக் குரல், எப்போதும்போல, ஒரு பிசிறில்லாமல்.

முத்துச்செல்வி எழுந்து நின்றாள். “இல்ல ஐயா,” என்றாள். “உலகம்மா வரல. மூணாம் வருஷம் பொங்கல் லீவுல இருந்து வரல.”

அன்றைக்குத்தான் ஐயா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பெயர் கூப்பிடுகிற நேரத்தில் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்குள் பஞ்சடைந்த கண்ணால் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து, உயர்த்தின கையோடு உட்கார்ந்திருந்த மரியபுஷ்பத்தைப் பார்த்து, அவளுக்குப் பக்கத்தில் பூவும் எலுமிச்சம்பழமும் குவிந்துகிடந்த காலியிடத்தைப் பார்த்தார். மறுபடி ‘உலகம்மாள்’ என்றார், மெதுவாக. ஒன்றும் வரவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது.

“பொங்கல்ல இருந்தா?” என்றார். “ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?”

வரலாற்றுச் சிங்கங்கள் அத்தனை பேரும் காலடியில் எதையோ தொலைத்த மாதிரி குனிந்திருந்தோம். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஐயா எழுந்தார், செருப்பைக் காலால் துழாவினார், குடை எங்கே என்று கேட்டார். அவர் குடை வைத்துக்கொள்கிற பழக்கத்தை விட்டுப் பல வருஷமாகிறது. முத்துச்செல்வி தன் பையிலிருந்த மடக்குக் குடையை விரித்துக் கொடுத்தாள். ஐயா, வெளிய காரு நிக்கி, எங்கே போகணும்னு சொல்லுங்க என்று குமரேசன் குறுக்கே போனான். அவனை ஒதுக்கிவிட்டு நடந்தார்.

“மேலப்பாறைக்குளம். வராத பிள்ள வீட்டுக்குப் போவாண்டாமா? நேரமாவுதுல்லா,” என்றார்.

அவரும் முத்துச்செல்வியும் பூ விற்கிறவர்களையும் பேனரையும் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போனார்கள். வேண்டுதலுக்கு வந்த பிள்ளைகள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அம்மன் கோவித்துக்கொண்டாள் என்று கலைந்தார்கள். குமரேசன் குழுவில் நெட்வொர்க் பிரச்சனை, அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று போட்டான். எங்கிருந்தோ ஒருத்தன் கேட்டுச்சு, மெய் சிலிர்த்துச்சு என்று பதில் போட்டான். மரியபுஷ்பம் அப்போதுதான் கையை இறக்கினாள். வாடின பூவையெல்லாம் ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து, “ஒரே ஒரு தடவ கூப்பிடு பேச்சி,” என்றாள் காற்றாக. உலகம்மாள் என்று கூப்பிட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு, “போதும், விடு,” என்றாள்.

ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாப் தெரிந்தது. சிவப்புப் பூப்போட்ட சின்னக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஐயா வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மேலப்பாறைக்குளத்துக்கு இப்போது பஸ்ஸே கிடையாது, ஊரே காலியாகி வெறும் கருவேலங்காடாகக் கிடக்கிறது. அதை அவரிடம் போய்ச் சொல்ல அன்றைக்கும் எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.